ஊர் மாறும் முன் இரண்டாவது வேலையை எண்ணிப் பாருங்கள்

வேறொரு நகரத்திலிருந்து பணி நியமனக் கடிதம் வந்துவிட்டால், அந்த நகரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தக் கடிதம் சொல்வதெல்லாம், ஒரு நிறுவனத்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது என்பதை மட்டுமே. ஒன்றரை ஆண்டு கழித்து அந்த இருக்கை பறிபோனாலோ, அங்கே உங்களுக்கே இருப்புக்கொள்ளாமல் போனாலோ, வீட்டைக் காலி செய்யாமல், பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல், அதே ஊரில் இருந்தபடியே அடுத்த வேலைக்குப் போக முடியுமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. முதல் வேலையைத் தொலைவில் இருந்துகொண்டே பிடித்துவிடலாம்; இரண்டாவது வேலையை அந்த ஊர்தான் தர வேண்டும். ஒரு நகரத்தின் வேலைச் சந்தையை எடைபோடுவது என்பதை, அந்த இரண்டாவது வேலையைத் தேடிப் பார்ப்பது என்ற பொருளிலேயே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல சம்பளம், நல்ல பதவி என்று நம்பிக் குடிபெயர்ந்த ஒன்பதாம் மாதத்தில், நான் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். அந்த ஊரில் அதே வேலையைச் செய்யும் நிறுவனங்கள் இன்னும் இரண்டுதான் இருந்தன என்பதும், அவற்றில் ஒன்று என் பழைய நிறுவனத்திடம் ஒப்பந்த வேலை வாங்கிப் பிழைத்துவந்தது என்பதும் அதன் பிறகே எனக்குத் தெரியவந்தன. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று மாதம் மீதி இருந்தது. கிளம்புவதற்கு முன் நான்கைந்து மாலைகளைச் செலவிட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய செய்திகள் அவை. அந்த மாலைகளை எப்படிச் செலவிட வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் சந்தை எது

ஒரு நகரத்துக்கு ஒரே வேலைச் சந்தை என்று ஒன்று கிடையாது. மென்பொருள் சோதனையாளருக்கும் செவிலியருக்கும் வெல்டருக்கும் ஒரே ஊர் மூன்று வெவ்வேறு ஊர்களாக இருக்கும். ஒருவர் வேலை கிடைக்காமல் அலையும் அதே ஆண்டில், இன்னொரு தொழிலில் ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் அலைந்துகொண்டிருக்கும். ஆகவே "அங்கே நிலவரம் எப்படி" என்று யாரிடமும் கேட்பதற்கு முன், உங்கள் பணியின் பெயரையும் அதே பணிக்கு வழங்கும் மாற்றுப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் டேட்டா அனலிஸ்ட் என்று சொல்வதை இன்னொன்று ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட் என்று சொல்லும்; வேறொன்று பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயரிட்டு, அதே வேலையோடு இன்னும் இரண்டு வேலைகளையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடும். பெயர்களுக்குக் கீழே உங்கள் அனுபவ ஆண்டுகளையும் குறித்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் படித்து முடித்து வருபவர்களை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஊர், பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இடமே இல்லாத ஊராக இருப்பதுண்டு. தலைமையகங்கள் வேறெங்கோ இருக்க, கிளைகள் மட்டும் குவிந்திருக்கும் நகரங்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

அடுத்தது எல்லை. மாநகராட்சி வரைந்த எல்லையை வேலைச் சந்தை மதிப்பதில்லை. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதற்கென்றே 'வேலைக்குப் பயணம் செய்யும் பரப்பு' என்றொரு வரையறையை வைத்திருக்கிறது: ஒரு பரப்பில் குடியிருந்து வேலைக்குப் போவோரில் பொதுவாக 75 சதவீதம் பேராவது அதற்குள்ளேயே வேலை பார்க்க வேண்டும், அங்கே வேலை பார்ப்பவர்களில் 75 சதவீதம் பேராவது அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இப்படி வரைந்தபோது 228 பரப்புகள் கிடைத்தன. உங்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். அலுவலக நேர நெரிசலில் ஒரு வழிக்கு எத்தனை நிமிடம் பயணம் செய்ய உங்கள் உடம்பு தாங்கும் என்பதை நேர்மையாக முடிவு செய்து, நீங்கள் குடியிருக்கப்போகும் பகுதியிலிருந்து அந்த நிமிடங்களை வரைபடத்தில் அளந்துகொண்டால் போதும். அதற்குள் அடங்கும் பக்கத்து ஊரும் உங்கள் சந்தைதான். அதற்கு வெளியே இருப்பது, ஒரே நகரத்தின் மறுமுனையாகவே இருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை அயலூர்.

வேலையின்மை விகிதம் சொல்லாமல் விடுவது

பெரும்பாலானவர்கள் முதலில் தேடிப் பார்க்கும் எண் வேலையின்மை விகிதம். அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கப்படும் வாரத்தில் சம்பளத்துக்காகவோ லாபத்துக்காகவோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். வேலையில்லாதவர் என்று பெயர் வாங்க, ஒருவருக்கு வேலை இல்லாமலும் இருக்க வேண்டும், அவர் அண்மையில் தேடியும் இருக்க வேண்டும், கிடைத்தால் உடனே சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடிச் சலித்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் இந்தக் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு நகரத்தின் தொழிலாளர் தொகை, அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து, 10 லட்சம் என்றும், அவர்களில் 60,000 பேருக்கு வேலையில்லை என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் 6 சதவீதம். அந்த 60,000 பேரில் 20,000 பேர் நம்பிக்கை இழந்து தேடுவதை நிறுத்திவிட்டால், மிஞ்சும் 40,000 பேரை 9,80,000ஆல் வகுக்க வேண்டும்; விகிதம் ஏறக்குறைய 4.1 சதவீதமாக இறங்கிவிடும். ஊரில் ஒரு வேலைகூடப் புதிதாக வந்திருக்காது. ஆகவே விகிதத்தோடு, வேலைக்குப் போகும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் உண்மையில் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் எண் குறைந்து இரண்டாவதும் குறைந்திருந்தால், ஊர் செழிக்கவில்லை, மக்கள் சோர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். மாதிரிக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஏற்றபடி வடிவமைக்கப்பட்டவை என்பதால், தனி ஒரு நகரத்துக்கான எண்ணில் பிழை வரம்பு அகலமாக இருக்கும். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே தெரியும் அரை சதவீதப் புள்ளி ஏற்ற இறக்கத்தில் பொருள் தேடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த எண் ஒன்று உண்டு. தாமாக வேலையை விட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அது. அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 2000 டிசம்பர் முதல் இதைக் காலியிடங்களோடும் பணிநீக்கங்களோடும் சேர்த்து மாதந்தோறும் அளந்துவருகிறது. கையில் அடுத்த வேலை இருப்பவர் அல்லது எளிதில் கிடைக்கும் என்று நம்புபவர்தான் இருக்கும் வேலையை உதறுவார். ஊரில் ராஜினாமாக்கள் அதிகமென்றால் நிறுவனங்களுக்கு அது தலைவலி, ஆனால் தொழிலாளிக்கு அது இரண்டாவது வேலை இருப்பதற்கான அடையாளம். எல்லா நாடுகளிலும், எல்லா நகரங்களுக்கும் இந்த எண் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் இதையே மனிதர்களிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விளம்பரங்களைக் கையால் எண்ணுவது

இந்தப் பகுதிக்குத்தான் உங்கள் மாலைகளில் இரண்டையாவது ஒதுக்க வேண்டும். வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் பதவியையும் நகரத்தையும் தட்டியதும் மேலே ஓர் எண் வரும். அந்த எண்ணை நம்பிக் குடிபெயர்ந்தவர்கள் பலர். அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ ஆறு பத்திகள் போடுங்கள்: வேலை தரும் நிறுவனம், பதவிப்பெயர், விளம்பரம் வெளியான தேதி, கேட்கும் அனுபவம், சம்பளம் குறிப்பிட்டிருந்தால் அது, நேரடி விளம்பரமா கன்சல்டன்சி வழியாகவா என்பது. பிறகு ஒவ்வொரு விளம்பரத்தையும் திறந்து படித்து எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இருபதாவது விளம்பரத்தைத் தாண்டும்போதே பட்டியல் உங்களோடு பேசத் தொடங்கிவிடும்.

முதலில் கண்ணில் படுவது இரட்டிப்பு. ஒரே காலியிடத்தை மூன்று கன்சல்டன்சிகள் மூன்று விதமாக எழுதிப் போட்டிருப்பார்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்து "முன்னணிப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றுக்கு" என்று தொடங்கும் விளம்பரங்களின் பணி விவரத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே எழுத்துப்பிழைகூட மூன்றிலும் இருக்கும். அந்த மூன்றும் ஒன்றே. அடுத்தது, நகரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்த நகரத்தைச் சேராத விளம்பரங்கள்: ரிமோட் வேலையை எல்லாப் பெருநகரங்களின் பெயரிலும் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வேலைக்கு நீங்கள் ஊர் மாறவே தேவையில்லை என்பதால் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். மூன்றாவது, அனுபவ வரம்பு பொருந்தாதவை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், மேலே நூற்றுக்கணக்கில் காட்டிய எண் சில பத்துகளுக்குச் சுருங்கிவிடுவதைக் கண்டு பதற வேண்டாம். மிஞ்சியதுதான் உங்கள் சந்தை.

நான்கு வாரம் கழித்து அதே தேடலை மறுபடி செய்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நாள் எடுத்த பட்டியலிலிருந்து ஒருபோதும் தெரியாத செய்தி இந்த ஒப்பீட்டில் இருக்கிறது. மறைந்துபோன விளம்பரங்களில் பெரும்பாலானவை ஆள் எடுக்கப்பட்ட இடங்களாக இருக்கும் (சில கைவிடப்பட்டவையாகவும் இருக்கலாம்), ஆகவே அந்த வகை வேலைகளில் ஊர் உண்மையிலேயே இயங்குகிறது என்று கொள்ளலாம். நான்கு வாரமும் அசையாமல் கிடப்பவற்றுக்கும், தேதி மட்டும் புதிதாகி அதே வாசகத்தோடு மீண்டும் வருபவற்றுக்கும் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம்தான் இருக்கும்: கொடுக்கும் சம்பளத்துக்கு ஆள் வரவில்லை, வந்தவர்கள் நிலைக்கவில்லை, அல்லது காலியிடமே இல்லாமல், பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று ரெஸ்யூமே சேர்த்துவைக்கிறார்கள். எது என்று விளம்பரத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தால், ஆட்களிடம் பேசும்போது பயன்படும்.

எந்தத் தொழிலுக்கு இந்த முறை பொருந்தும் என்பதையும் யோசிக்க வேண்டும். அலுவலகப் பணிகளும் மென்பொருள் பணிகளும் இணையத்தில் தேவைக்கு மேலேயே தெரியும். கட்டுமானம், பட்டறை, கடை, சிறு மருத்துவமனை போன்றவற்றின் வேலைகள் வாய்வழியாகவும் வாசலில் ஒட்டும் அறிவிப்பாலுமே நிரம்பிவிடும். அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர் தளத்தில் ஐந்து விளம்பரங்களைக் கண்டு ஊரைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. அவர் பார்க்க வேண்டியது, வெளியூரிலிருந்து பணத்தை உள்ளே கொண்டுவரும் தொழில் அந்த ஊரில் எது, அது வளர்கிறதா என்பதை. ஆசிரியர், தையற்காரர், எலக்ட்ரீஷியன் ஆகியோரின் வேலை அந்தப் பணம் ஊருக்குள் சுற்றும் வேகத்தைப் பொறுத்தே கூடும், குறையும்.

ஏறி இறங்க எத்தனை வாசல்

பட்டியல் தயாரானதும் விளம்பரங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிறுவனங்களை எண்ணுங்கள். நாற்பது காலியிடங்களில் முப்பது ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை என்றால், உங்களுக்கு இருப்பது நாற்பது வாய்ப்புகள் அல்ல. இதை ஒரே எண்ணாகச் சுருக்க, போட்டிச் சட்ட ஆணையங்கள் சந்தைக் குவிப்பை அளக்கப் பயன்படுத்தும் ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீட்டை நாமும் கடன் வாங்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் பட்டியலில் எத்தனை சதவீதம் என்று கண்டு, ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பத்து நிறுவனங்கள் சம அளவில் இருந்தால் விடை 1,000. மூன்றே நிறுவனங்கள் 50, 30, 20 என்று பங்கிட்டுக்கொண்டிருந்தால் 2,500, 900, 400 சேர்ந்து 3,800. அமெரிக்க அரசு 2023இல் வெளியிட்ட நிறுவன இணைப்பு நெறிமுறைகள் 1,800க்கு மேற்பட்ட சந்தையை மிகவும் குவிந்த சந்தை என்கின்றன. அது விற்பவர்களைப் பற்றிய அளவுகோல், நாமோ வேலைக்கு ஆள் எடுப்பவர்களை அளக்கிறோம். ஆனாலும் ஒரு நகரத்தை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும். ஆள் எடுப்பவர் சிலரே என்றால் சம்பளத்தை அவர்களே தீர்மானிப்பார்கள். ஜோன் ராபின்சன் 1933இல் இந்த நிலைக்கு மோனோப்சொனி என்ற பெயரைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தார்.

ஒரு தொழில் ஒரே ஊரில் குவிவதில் நன்மையும் உண்டு. அத்தொழிலில் தேர்ந்தவர்களும் அவர்களைத் தேடுபவர்களும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்வதால் இருவருக்கும் தேடும் செலவு குறைகிறது என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதியிருக்கிறார். இந்தக் குவிப்பை அளப்பதும் எளிது: நகரத்தின் வேலைகளில் உங்கள் துறையின் பங்கு 8 சதவீதம், நாடு முழுவதையும் எடுத்தால் 4 சதவீதம் என்றால், ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிடைக்கும் 2 என்ற எண், அந்த ஊர் உங்கள் துறையில் சராசரியைவிட இருமடங்கு அடர்த்தியானது என்று காட்டும். ஆனால் அந்த 2 என்ற எண்ணுக்குப் பின்னால் நூறு முதலாளிகள் இருக்கிறார்களா, ஒரே முதலாளி இருக்கிறாரா என்பதுதான் இரவில் தூக்கம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரத்தில் 1980களின் தொடக்கத்தில் கோடாக் நிறுவனத்தில் மட்டும் 60,000க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். ஃபிலிம் சுருள் போனதோடு அந்த வேலைகளும் ஆண்டுக்காண்டு கரைந்து, 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. சியாட்டிலில் போயிங் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த 1971 ஏப்ரலில், விமான நிலையத்துக்கு அருகே ஒரு விளம்பரப் பலகை எழுந்தது: சியாட்டிலை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும். அதே பகுதிக்கு 1979இல் மைக்ரோசாஃப்ட் வந்து சேர்ந்தது என்பது வரலாறுதான், ஆனால் எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் நிறுவனத்தை நம்பி யாரும் வாடகை கட்ட முடியாது.

நிறுவனங்களின் பெயர்களுக்கு எதிரே, அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள். ஐந்து நிறுவனங்கள் இருந்தும் ஐந்தும் ஒரே வாடிக்கையாளருக்கு உழைப்பவையாக இருந்தால், அந்த வாடிக்கையாளர் தும்மும் நாளில் ஐந்துக்கும் சேர்ந்தே சளி பிடிக்கும். நான் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

கூடவே, வரப்போவதாகச் சொல்லப்படும் வேலைகளை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 2017இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ்கான் 13,000 பேருக்கு வேலை தரும் என்று பெரிய விழா எடுத்து அறிவித்தார்கள். 2021 ஏப்ரலில் திருத்தி எழுதிய ஒப்பந்தத்தில் அந்த எண் 1,454 ஆகிவிட்டது. அடிக்கல் நாட்டியதற்காக ஒருமுறை, கட்டடம் எழும்பியதற்காக ஒருமுறை, ஆள் எடுக்கத் தொடங்கியதற்காக ஒருமுறை என்று ஒரே வேலைகளை மூன்று முறை செய்தியில் எண்ணுவார்கள். நீங்கள் மூன்றாவதை மட்டும் எண்ணுங்கள்.

சம்பளத்தில் எது மிஞ்சும்

ஒரு நகரத்தின் சராசரிச் சம்பளத்தை வைத்து உங்கள் சம்பளத்தை ஊகிக்க வேண்டாம். சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2020 ஏப்ரலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை: அந்த ஒரே மாதத்தில் அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் பறிபோயின, அதே மாதத்தில் சராசரி மணிக்கூலி 4 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. யாருக்கும் சம்பளம் கூடிவிடவில்லை. குறைந்த கூலிக்காரர்கள் பெருமளவில் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டார்கள், அவ்வளவுதான். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம், அதாவது இடைநிலை மதிப்பு, எங்கு கிடைத்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் சம்பளத்தைக் குறிப்பிடுவதைச் சட்டமே கட்டாயமாக்கிய இடங்கள் நமக்கு வசதி. கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி முதல் அப்படி. விளம்பரத்திலோ நேர்காணலுக்கு முன்போ சம்பளத்தைத் தெரிவிக்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு, உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் அதைச் சேர்ப்பதற்கு 2026 ஜூன் 7ஐக் கெடுவாக வைத்தது.

பிறகு மீதத்தைக் கணக்கிடுங்கள். இப்போதைய சம்பளம் 100 என்றும், அதில் வரி 15, வாடகை 25, பயணம் 5 என்றும் வைத்தால் கையில் 55 மிஞ்சுகிறது. புதிய ஊரில் 130 தருகிறார்கள். வரி 23, வாடகை 45, பயணம் 10 போனால் மிஞ்சுவது 52. முப்பது சதவீத உயர்வு என்று நண்பர்களுக்கு விருந்து வைத்துவிட்டு, மூன்று குறைந்திருப்பதை ஆறு மாதம் கழித்துத்தான் கவனிப்போம். அப்படிக் குறைந்தாலும் போகலாம், வாசல்கள் அங்கே அதிகம் என்றால். ஆனால் தெரிந்தே போக வேண்டும்.

யாரிடம் என்ன கேட்பது

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதம் பேர் மட்டுமே அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆட்களே வழிகாட்டியிருந்தார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. ஆகவே பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், கல்லூரியில் இரண்டு ஆண்டு மூத்தவர், ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று, கூச்சத்தால் நாம் தொடர்புகொள்ளாமல் விட்டவர்களைத்தான் தேட வேண்டும்.

அவர்களிலும் மூன்று வகையினர் எனக்கு முக்கியம். முதலாவது, அந்த ஊரில் வேலை இழந்து அதே ஊரிலேயே மறுவேலை பெற்றவர். அவரிடம் எத்தனை மாதம் ஆயிற்று, சம்பளம் கூடிற்றா குறைந்ததா என்ற இரண்டே கேள்விகள் போதும். இரண்டாவது, அந்த ஊரை விட்டுக் கிளம்பியவர். ஊரில் இருப்பவர்கள் தங்கள் முடிவை நியாயப்படுத்தியே பேசுவார்கள்; கிளம்பியவரின் கசப்பிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு கேட்டால் உண்மை நடுவில் இருக்கும். மூன்றாவது, ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிக்காரர். "வாய்ப்பு எப்படி, சார்" என்று கேட்டால் அவர் பிரமாதம் என்றுதான் சொல்வார், அது அவர் தொழில். "கடந்த மூன்று மாதத்தில் இந்தப் பதவிக்கு எத்தனை பேரைச் சேர்த்துவிட்டீர்கள், எந்தெந்த நிறுவனங்களில், தேர்வாகாதவர்களை எதற்காகத் தள்ளினார்கள்" என்று கேளுங்கள். எண்களைக் கேட்டதும் குரலில் வரும் தயக்கமே பாதி விடை.

உங்களை எடுக்கப்போகும் நிறுவனத்திடமும் ஒன்றைக் கேட்கலாம்: இது புதிதாக உருவான இடமா, ஒருவர் விலகியதால் வந்ததா? விலகியதால் வந்தது என்றால், அவர் எவ்வளவு காலம் இருந்தார், எங்கே போனார்? அதே ஊரில் வேறு நிறுவனத்துக்குப் போனார் என்று ஹெச்.ஆர். சற்றே எரிச்சலோடு சொன்னால், உங்கள் பட்டியலுக்கு இன்னொரு பெயர் கிடைத்துவிட்டது.

சட்டமும் வீட்டில் இருப்பவரும்

செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர், எலக்ட்ரீஷியன் போன்ற உரிமம் வேண்டிய தொழில்களில், உங்கள் உரிமம் அந்த ஊரில் செல்லுமா, மாற்றிப் பதிவுசெய்ய எத்தனை மாதம் என்பதை உரிமம் வழங்கும் அமைப்பின் தளத்திலேயே படித்துவிடுங்கள். நாடு விட்டு நாடு போகிறவருக்கு விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால், இரண்டாவது வேலை என்பது சந்தையின் கேள்வியாக இல்லாமல் நாட்காட்டியின் கேள்வியாகிவிடும்: அமெரிக்காவின் எச்-1பி விசாவில் வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் தரும் விதி 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் வரும் நிபந்தனையையும் அந்த இடத்தின் சட்டத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். கலிபோர்னியாவில் அத்தகைய நிபந்தனை பெரும்பாலும் செல்லாது, அதற்கு 1872ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. வேறு இடங்களில் அதே வரி, எண்ணிவைத்த வாசல்களில் பாதியை அடைத்துவிடக்கூடும்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு என்றால், இதுவரை சொன்ன அத்தனையையும் மற்றவரின் தொழிலுக்காக இன்னொரு தாளில் முதலிலிருந்து செய்ய வேண்டும். பலர் இதை "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுகிறார்கள், பெரும்பாலும் அந்தத் தாள் மனைவியுடையதாக இருக்கும்போது. இரண்டு தாள்களிலும் தேறும் ஊர்கள் அதிகம் இல்லை என்பதால்தான் இரட்டைச் சம்பளக் குடும்பங்கள் பெருநகரங்களை நாடுகின்றன.

கையெழுத்துக்கு முன்

முடிந்தால் ஒரு வாரம் அங்கே போய்த் தங்கி, அலுவலக நேரத்தில் அந்தப் பாதையில் இரண்டு முறையாவது பயணம் செய்து, அதே வாரத்தில் பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனத்தில் நேர்காணலுக்கும் போய் வாருங்கள். சேரும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் செய்தி எந்தப் புள்ளிவிவரத்திலும் கிடைக்காது.

வேலை இழந்து மீண்டவர்கள் சொன்ன மாதங்களில் மிக நீளமானதை எடுத்து, புதிய ஊரின் மாதச் செலவால் பெருக்குங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால், வாடகை ஒப்பந்தத்தையாவது குறுகிய காலத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடமாற்றச் செலவை நிறுவனம் ஏற்பதாக இருந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரி கடிதத்தின் பின்பக்கங்களில் எங்காவது இருக்கும். அதைக் கண்டுபிடித்து, நிறுவனமே பணிநீக்கம் செய்தால் இது பொருந்தாது என்று சேர்த்து எழுதித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். சேரும் தேதிக்கு முன் கேட்டால் ஹெச்.ஆர். சட்டப் பிரிவிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துத் தர வாய்ப்பு உண்டு. சேர்ந்த பிறகு கேட்டால், அது கம்பெனி பாலிசி என்ற பதில்தான் வரும்.